ஸ்டாரின் கதையை வகுப்பில் நடத்தியவர்களின் அனுபவங்கள்

ஒன்பதாம் வகுப்பு ஆசிரியை:
ஏஞ்சி தாமஸின் ‘தி ஹேட் யு கிவ்’ (2017) நாவலை இங்கே பலரும் நடத்தியிருப்பீர்கள் என்பதால் கதையை விரிவாகச் சொல்லப் போவதில்லை: ஸ்டார் என்ற கறுப்பினப் பெண் தன் நண்பன் கலீலுடன் காரில் போகும்போது காவலர் ஒருவர் நிறுத்தி அவனைச் சுட்டுக் கொல்கிறார்; அதை நேரில் பார்த்த சாட்சி அவள்தான். காவலர் காரை நிறுத்தியதும், கைகளை வெளியே தெரியும்படி வைக்க வேண்டும், சட்டென்று அசையக் கூடாது என்று பன்னிரண்டு வயதில் அப்பா சொல்லிக்கொடுத்ததை ஸ்டார் நினைத்துக்கொள்ளும் பகுதியை வாசித்துக்கொண்டிருந்தேன். வகுப்பின் ஒரே கறுப்பின மாணவன் புத்தகத்தை மூடிவிட்டு, இரு கைகளையும் விரித்து மேசைமேல் வைத்திருந்தான். “எனக்கு ஒன்பது வயதிலேயே சொல்லிவிட்டார்கள்” என்றான், வீட்டு முகவரியைச் சொல்வதுபோல. எல்லோரும் அவனையே பார்த்தார்கள். அவன் மேற்கொண்டு ஒரு சொல்லும் பேசவில்லை. அவனைப் பேசச் சொல்லியிருக்க வேண்டுமா என்பதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

பத்தாம் வகுப்பு ஆசிரியர்:
கட்டாயம் பேச வைத்திருக்க வேண்டும், நாவலே அதற்காகத்தானே. சுட்ட காவலரை ஸ்டார் பேட்ஜ் எண்ணைக் கொண்டு ‘நூற்றுப் பதினைந்து’ என்றே குறிப்பிடுவதை, என் வகுப்பில் ஒரு காவலரின் மகள் எழுந்து நின்று கேள்வி கேட்டாள்: “கலீலுக்குப் பெயர் இருக்கிறது, இவருக்கு மட்டும் ஏன் எண்?” அன்றைக்கு நடந்ததைப் போன்ற விவாதம் அந்த ஆண்டு முழுவதும் நடக்கவில்லை.

சமூகவியல் ஆசிரியை:
மேலே எழுதியவருடன் எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பெண் தானாக எழுந்து கேட்டாள். அந்தப் பையனை நாம் எழுப்பிவிட்டால் அது சாட்சிக்கூண்டு. ஸ்டாரே வாய் திறக்க எவ்வளவு காலம் எடுத்துக்கொள்கிறாள் என்று பாருங்கள். பேசிய பிறகும் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் குடிமக்கள் குழு, அந்தக் காவலர்மீது குற்றம் சாட்டுவதில்லை. “கார்க் கதவில் இருந்தது தலைவாரும் பிரஷ்தானே, துப்பாக்கி இல்லையே, பிறகு எப்படி?” என்று என் மாணவன் ஒருவன் மேசையைத் தட்டிக் கேட்டான். கேட்காமலே ஆலோசனை சொல்வதாக நினைக்க வேண்டாம்: அந்த அத்தியாயத்துக்கு வருமுன் சட்டத்தை நடத்திவிடுங்கள். 1989இல் கிரகாம் எதிர் கானர் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோலின்படி, சம்பவ இடத்தில் நிற்கும் நியாயமான ஒரு காவலரின் பார்வையில் அந்தப் பலப்பிரயோகம் ஏற்கத்தக்கதா என்பதே கேள்வி. அங்கே உண்மையில் என்ன இருந்தது என்பது பின்னர் தெரியவந்தால் மட்டும் போதாது. கிராண்ட் ஜூரியின் விசாரணை ரகசியமாக நடப்பது, சாட்சியங்களை அரசு வழக்கறிஞரே முன்வைப்பது ஆகியவற்றையும் சொல்லுங்கள். இவை தெரிந்தால் மாணவர்களின் கோபம் பக்கத்து இருக்கையில் இருப்பவனிடம் விளக்கம் கேட்காமல், சட்டத்தை நோக்கித் திரும்பும். பேசுவதற்கு மதிப்பெண் போடாதீர்கள். எழுதித் தருபவர்களின் தாளை அனுமதியின்றி உரக்க வாசிக்கவும் செய்யாதீர்கள்.