தேக்கு வெனீர் உப்பி நிற்கிறது, வீட்டிலேயே சரிசெய்ய முடியுமா?

கேள்வி:
வணக்கம். அப்பா கல்யாணமான புதிதில் ஆசாரியை வைத்துச் செய்த எழுதுமேசை இது. ஐம்பது வருடத்துக்கு மேல் இருக்கும். மேல்பலகையில் தேக்கு வெனீர், அதாவது மெல்லிய தேக்குத் தகடு ஒட்டியிருக்கிறது. மழையில் ஜன்னல் வழியாகத் தண்ணீர் இறங்கி, நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு உப்பிவிட்டது. முன் விளிம்பில் விரல் நீளத்துக்கு ஒரு சில்லும் பெயர்ந்துபோனது. கடையில் மைக்கா ஒட்டிவிடலாம் என்கிறார்கள், எனக்கு மனசே இல்லை. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் சமமாகுமா?

பதில் 1:
தேய்க்கவே தேய்க்காதீர்கள்! வெனீர் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. உப்பிய இடத்தில் உப்புத்தாள் பட்டால் உடனே ஓட்டை விழுந்துவிடும். ஷேவிங் பிளேடால் மர ரேகை ஓடும் திசையிலேயே ஒரு கீறல் போட்டு, சிரிஞ்சில் ஃபெவிகால் ஏற்றி உள்ளே செலுத்தி, மேலே பாரம் வையுங்கள். ரேகைக்குக் குறுக்கே கீறினால் அந்தத் தழும்பு எப்போதும் தெரியும்.

பதில் 2:
அவசரம் வேண்டாம் சகோதரி. முதலில் பலகை நன்றாகக் காயட்டும். அப்புறம் உள்ளே என்ன பசை என்று பாருங்கள். ஃபெவிகால் 1959இலேயே வந்துவிட்டது, ஆனாலும் அதன் பிறகும் வஜ்ரம் (விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் பழைய பசை) காய்ச்சி ஒட்டிய ஆசாரிகள் உண்டு. பெயர்ந்த சில்லின் அடியில் ஒரு சொட்டு வெந்நீர் விட்டுச் சில நிமிடம் கழித்துத் தொடுங்கள். விரலில் பிசுபிசுவென ஒட்டி, தோல் வாடை வந்தால் வஜ்ரம். வெளுத்து ரப்பர் போல ஆனால் ஃபெவிகால் வகை.

வஜ்ரமாக இருந்தால் புதுப் பசையே தேவைப்படாமல் போகலாம். லேசாக ஈரமாக்கிய பருத்தித் துணியை விரித்து, இஸ்திரிப் பெட்டியை மிதமான சூட்டில் சில விநாடி மட்டும் வைத்து எடுங்கள். பழைய பசை இளகியதும் பட்டர் பேப்பரைப் போட்டு, சமமான கனத்த பலகை வைத்து அழுத்தி, மறுநாள் வரை அப்படியே விடுங்கள். பழைய வஜ்ரத்தின் மேல் ஃபெவிகால் சரியாகப் பிடிக்காது. அதனால்தான் முதலில் பசையைப் பார்க்கச் சொல்கிறேன். சூடு பட்ட இடத்தில் பாலிஷ் வெளுக்கும், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம்.

கேள்வி கேட்டவர்:
அண்ணா, வெந்நீர் விட்டுப் பார்த்தேன். பிசுபிசுப்பு, வாடை இரண்டும் இருக்கிறது. நீங்கள் சொன்ன மாதிரி சூடு வைத்ததில் நடுப்பகுதி படிந்துவிட்டது, தட்டினால் பொள்ளல் சத்தம் இல்லை. மிக்க நன்றி! சில்லு பெயர்ந்த விளிம்புக்கு மரப் பட்டி (பள்ளத்தை அடைக்கும் வுட் புட்டி) போதுமா?

பதில் 2:
விளிம்பில் பட்டி நிற்காது, கை பட்டுப் பட்டு உதிரும். பழைய சில்லு முழுசாக இருந்தால் அதையே ஒட்டுங்கள், அதைவிடப் பொருத்தமான துண்டு கிடைக்காது. உடைந்திருந்தால் பிளைவுட் கடையில் தேக்கு வெனீர்த் துண்டு கேட்டு வாங்குங்கள். சதுரமாக வெட்டாமல் ஓரங்களைச் சாய்வாக வெட்டுங்கள். ரேகைக்கு நேர்க்குறுக்கே ஓடும் கோடு கண்ணில் குத்தும், சாய்ந்த கோடு ரேகையில் கலந்துவிடும். துண்டை மேசை மேல் வைத்து, இரண்டையும் சேர்த்து ஒரே வெட்டாக வெட்டினால் இடைவெளி விழாது. அடியில் ஒட்டியிருக்கும் பழைய வஜ்ரத்தை வெந்நீர்த் துணியால் துடைத்து எடுத்து, காய்ந்த பிறகு ஃபெவிகால் போடலாம். பழைய வெனீரைவிடப் புதுசு மெல்லியதாக இருந்தால் அடியில் இன்னொரு துண்டு கொடுங்கள்.

பதில் 3:
நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். ஸ்டெயினை (மரத்துக்கு நிறம் ஏற்றும் சாயம்) முதலில் மீந்த துண்டில் பூசிப் பாருங்கள். ஒரு சாயல் வெளிறலாகவே நிறுத்துங்கள், கூட்டுவது சுலபம், குறைப்பது கஷ்டம். பிறகு, மேசைக்கு அடியில் மறைவான இடத்தில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் தேயுங்கள். பாலிஷ் இளகி ஒட்டினால் அது அரக்கு பாலிஷ். அப்படியானால் வெளுத்த இடத்துக்கும் ஒட்டுக்கும் அதையே துணிப்பொட்டலத்தில் தொட்டு மெல்லிய பூச்சுகளாகக் கொடுங்கள், பழசோடு கலந்துவிடும். மழை நாளில் மட்டும் பாலிஷ் போடாதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பூச்சு புகை படிந்ததுபோல் வெளுத்துவிடும்.