மட்டில்டாவின் மூன்றாம் நிறம்: நீலம் பூசுகிறவர்களிடம் ஒரு கேள்வி

சுன்னாகத்தான்:
நேற்று நல்லூர்த் தம்பி ஒருவர் மேசைப் போர் விளையாட்டுக்காகத் தான் பூசிய மட்டில்டாவின் (இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பிரித்தானிய டாங்கி) சிறு மாதிரியைப் படம் எடுத்து இங்கே போட்டு, "1940இல் எகிப்தில் நின்றபடியே, அச்சொட்டாக" என்று எழுதியிருந்தார். மணல் நிறம், கடும் சாம்பல், நடுவில் பளிச்சென்ற வான்நீலம். பாலைவனத்தில் பிரித்தானியர் டாங்கிகளுக்குப் பூசிய மூன்று நிற உருமறைப்பான கோன்டர் வண்ணமுறையில் நீலம் எங்கிருந்து வந்தது? அந்த மூன்றாம் நிறம் பிரித்தானியாவின் 1930ஆம் ஆண்டு நிற அட்டவணையில் 28ஆம் இலக்கம், வெள்ளிச் சாம்பல். பச்சை இலேசாகத் தட்டும் சாம்பல். மற்ற இரண்டும் 61 (மணல் நிறம்), 34 (கடும் சாம்பல்). இது தெரியாமல் "அச்சொட்டாக" என்று எழுத எப்படிக் கை வந்தது?

நல்லூர் 28மிமீ:
அந்தத் தம்பி நான்தான் அண்ணை, பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். இங்கிலாந்தில் போவிங்டன் டாங்கி அருங்காட்சியகத்து மட்டில்டாவை என் மச்சான் முன்பு நேரில் பார்த்துப் படம் எடுத்தவன். நீலம். மாதிரிப் பெட்டிகளின் மேலே உள்ள ஓவியங்களிலும் நீலம். ஊர் உலகமெல்லாம் நீலம், சுன்னாகத்தில் மட்டும் சாம்பலா?

சுன்னாகத்தான்:
அருங்காட்சியகம் அந்த நீலத்தைப் பூசியது போர் முடிந்து நெடுங்காலத்துக்குப் பிறகு. பெட்டி வரைந்தவர் அதைப் பார்த்து வரைந்தார், நீங்கள் பெட்டியைப் பார்த்துப் பூசினீர்கள். மச்சான் எடுத்த படம் மச்சானுக்குத்தான் சாட்சி. 28ஆம் இலக்கம்.

அரியாலைப் பகடை:
மட்டில்டாவின் நீளம் ஏறக்குறைய 5.6 மீற்றர். 1/56 அளவில் அது 10 சென்ரிமீற்றர். மூன்றடி தள்ளி நின்று பகடை உருட்டுகிறவனுக்கு நீலமும் சாம்பலும் ஒன்றுதான். முன்கவசம் 78 மி.மீ., அதுதான் ஆட்டம். ஞாயிற்றுக்கிழமை ஆடப்போகும் நிபெய்வா (எகிப்தில் இருந்த இத்தாலிய முகாம்) ஆட்டத்தில் இத்தாலியரின் 47 மி.மீ. பீரங்கிக்கு எத்தனை பகடை என்பது இன்னும் முடிவாகவில்லை. அதைப் பேசுவோமா?

சுன்னாகத்தான்:
பேச வேண்டாம். மூன்றடிக் கதை சொல்கிறவர்கள் டாங்கிக்குப் பதிலாகத் தீப்பெட்டியை வைத்து விளையாடலாம், செலவும் மிச்சம்.

நல்லூர் 28மிமீ:
போர்க்காலக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் பாருங்கள். நடுநிறம் எவ்வளவு வெளிறித் தெரிகிறது! பச்சைச் சாம்பல் அப்படியா தெரியும்?

சுன்னாகத்தான்:
இதற்காகத்தான் காத்திருந்தேன். அக்காலத்தில் படச்சுருள் ஒரே வகை அல்ல. ஓர்த்தோகுரோமற்றிக் சுருளில் நீலம் வெளிறும், சிவப்பு கறுக்கும். எந்தச் சுருள், எந்த வெயில், வண்டியில் எவ்வளவு புழுதி என்று தெரியாமல் கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் கண்டுபிடிக்கிறவர் சாத்திரமும் பார்க்கலாம். நான் செய்யும் முறையைச் சொல்கிறேன், கேளுங்கள். முழு வண்டிக்கும் முதலில் 61. அது நன்றாகக் காய வேண்டும். பிறகு மாஸ்கிங் டேப்பைச் சாய்வாக ஒட்டி 28, கடைசியாக 34. கோன்டர் முறை முழுக்க நேர்கோடுகள், அலை அலையாக வளைத்தால் கெட்டது. சின்ன அளவு என்பதால் ஒவ்வொரு நிறத்திலும் சொட்டு வெள்ளை கலக்க வேண்டும், இல்லாவிட்டால் மேசையில் இருண்டு போகும். நல்லூர்த் தம்பியின் வண்டியில் டேப்புக்கு அடியில் பெயின்ட் ஊறியிருக்கிறது. படத்தைப் பெருப்பித்துப் பாருங்கள்.

நல்லூர் 28மிமீ:
ஊறாமல் என்ன செய்யும்? ஏர்பிரஷ் உங்கள் வீட்டில் இருக்கிறது, நான் தூரிகையால் பூசுகிறேன். போன மாரிக்கு முன் "இரண்டு நாளில் தருகிறேன்" என்று வாங்கிக்கொண்டு போனீர்கள். அடுத்த மாரியும் வரப்போகிறது.

சுன்னாகத்தான்:
ஊசி வளைந்த ஏர்பிரஷைத் தந்துவிட்டு உரிமை கொண்டாட வேண்டாம். கொழும்பில் இருந்து புது ஊசி எடுப்பித்தது நான். மாரி பற்றி நீங்கள் பேசலாமா? கார்த்திகை மழைக்குள் மேட் வார்னிஷ் அடித்து, ஈரப்பதத்தில் டாங்கி முழுதும் வெண்புகை படிந்தபோது "பாலைவனப் புழுதி" என்று சாதித்தவர் யார்?

நல்லூர் 28மிமீ:
அது புழுதிதான்.

அரியாலைப் பகடை:
1940 டிசம்பர் 9 காலையில் நிபெய்வாவுக்குள் மட்டில்டாக்களோடு போனது 4ஆவது இந்தியக் காலாட்படைப் பிரிவு. அந்தச் சிப்பாய்களை இதுவரை ஒருவரும் பூசி முடிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாங்கிக்குப் பின்னால் யார் நடந்து போவது? ஏர்பிரஷா?

கரவெட்டி:
ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எதற்கு எகிப்து? பவள் கவச வாகனத்தைப் பார்த்து வளர்ந்தவர்கள்தானே எல்லோரும். ஆனையிறவில் ஏ9 வீதியோரம் 1991 சண்டையின் கவசப் புல்டோசர் இன்றும் நிற்கிறது. பஸ்ஸில் போகும்போதே நிறம் பார்க்கலாம், அட்டவணை தேவையில்லை.

அரியாலைப் பகடை:
அதை மேசைக்குக் கொண்டுவந்தால் நான் வரமாட்டேன். இப்போதே சொல்லிவிட்டேன்.

கரவெட்டி:
இத்தாலியன் செத்தால் மட்டும் விளையாட்டா?

அரியாலைப் பகடை:
இத்தாலியனின் தாய் என் ஒழுங்கையில் இல்லை.

கரவெட்டி:
அப்படியென்றால் பகடையை ஏன் உருட்டுகிறீர்கள்? எல்லாம் ஒரே சாவுதான்.

சுன்னாகத்தான்:
இரண்டு பேரும் வேறிடத்தில் பேசுங்கள். கேள்வி மட்டில்டாவின் மூன்றாம் நிறம். அது 28ஆம் இலக்கம், வெள்ளிச் சாம்பல். இன்னும் ஒருவரும் இதற்கு மறுப்புக் காட்டவில்லை.

நல்லூர் 28மிமீ:
காட்டினால் ஒப்புக்கொள்வீர்களா? பாலைவனத்தில் அட்டவணையா பார்த்துக்கொண்டிருந்தார்கள்? கிடைத்த பெயின்டைக் கலந்து பூசியிருப்பார்கள். அதில் நீலம் வராது என்று எப்படிச் சொல்வீர்கள்?

சுன்னாகத்தான்:
கிடைத்ததைப் பூசினார்கள் என்றால் கத்தரிப்பூ நிறமும் பூசலாமே! நேற்று "அச்சொட்டாக", இன்று "கிடைத்ததை". நாளை நிற அட்டையைப் படம் எடுத்துப் போடுகிறேன். அதற்குப் பிறகும் நீலம் என்கிறவர் ஞாயிற்றுக்கிழமை என் பக்கத்து மேசைக்கு வர வேண்டாம்.

நல்லூர் 28மிமீ:
போடுங்கள். உங்கள் கைத்தொலைபேசிப் படத்தில் தேங்காய்ச் சம்பலே மஞ்சளாகத்தான் தெரியும். நான் வருவேன், நீல மட்டில்டாவோடு. அந்த மேசை உங்களுடையது அல்ல, என் சித்தப்பாவுடையது.