வானுக்கும் பஸ்ஸுக்கும் டிஷ் பூட்டினவர்கள் இருக்கிறீர்களா? வன்னிப் பக்கத்து அனுபவங்கள்

மாங்குளத்தான்

மோட்டர் ஹோம் என்றதும் யூரியூப்பில் வருகிறதை நினைக்காதீர்கள். ஜேர்மனி அத்தான் பழைய ரோசா பஸ் ஒன்றை வாங்கி, சீற்றைக் கழற்றி, இரண்டு கட்டிலும் ஒரு காஸ் அடுப்பும் வைத்தார். கூரையில் அங்கிருந்து கொண்டுவந்த 60 சென்ரிமீற்றர் டிஷ். கூரையைத் துளைக்க மட்டும் விடவில்லை, மழைக்கு ஒழுகுமாம்.

2023 செப்டெம்பர் 17. ஆசியக் கிண்ண இறுதி ஆட்டம். முத்தையன்கட்டுக் குளத்துக்குக் குடும்பமாகப் போயிருந்தோம். கொழும்பில் மழையால் ஆட்டம் பிந்தியது, எங்களுக்கு அது நல்லதாகப் போயிற்று. பஸ்ஸை முதலில் மருத மரத்தின் கீழ் விட்டு, சிக்னல் இல்லை என்று வெயிலுக்கு எடுத்து, அத்தான் கூரையில் ஏறி ஒரு மணித்தியாலம் டிஷ்ஷைத் திருப்பினார். ஜேர்மனியில் பத்து நிமிட வேலையாம். கடைசியில் தம்பி ஆத்திரத்தில், டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலைப் பிடிக்கிற எல்என்பியைப் பிடித்துக் கால் சுற்றின் அரைவாசிக்கு மேல் முறுக்கிவிட்டான். டக்கென்று படம் வந்தது.

வந்த படத்தில் இலங்கை 12/6.

ரிவிக்குச் சிக்னல் கொடுக்கிற பெட்டி பழுது என்றார் அத்தான். "126 ஆக்கும், நடுவிலை கோடு விழுந்திருக்கு" என்று தட்டிப் பார்த்தார். பிறகு சிராஜ் ஒரே ஓவரில் நாலு பேரை அனுப்பியதைத் திரும்பப் போட்டார்கள். அதற்குப் பிறகு யாரும் கதைக்கவில்லை.

நான் எழுத வந்தது அதையல்ல. அம்மா தேத்தண்ணித் தட்டோடு பஸ்ஸில் ஏறினா. "சிக்னல் இல்லை." இறங்கினா. படம். இன்னொரு தரம் ஏறினா. போயிற்று. மூன்றாம் தரம் அத்தான், "மாமி, கொஞ்சம் வெளியிலையே நில்லுங்கோ, உங்கட பாரத்துக்கு பஸ் சரியுது, டிஷ் விலகுது" என்றார். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அம்மா தட்டைப் படியில் வைத்துவிட்டு மருத மரத்து வேரில் போய், குளத்தைப் பார்த்தபடி இருந்தா. எங்களுக்கு முதுகுதான் தெரிந்தது.

50 ஓட்டத்துக்கு எல்லாரும் அவுட். இந்தியா 6.1 ஓவரில் முடித்துவிட்டது. அந்த ஆட்டத்துக்காகத்தான் அம்மாவை வெளியே இருத்தினோம்.

அதற்குப் பிறகு அவ அந்த பஸ்ஸில் ஏறவேயில்லை. வற்றாப்பளைப் பொங்கலுக்கு நாங்கள் எல்லாரும் அதில் போக, அவ இ.போ.ச. அரசாங்க பஸ்ஸில் வந்தா. ஒரு ஆள் ஏறினால் சிக்னல் போகுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

நெடுங்கேணி மெஷின்

போகும். எனக்கு ஆள் ஏறாமலே போனது.

அறுவடை மெஷினோடு மாசி, பங்குனியில் வயல் வயலாகத் திரிகிற ஆள் நான். லொறிக்குப் பின்னால் படங்கு கட்டி, உள்ளே பாய், சின்ன ரிவி. டிஷ்ஷை லொறியில் வைப்பதில்லை, முக்காலியில் பத்து மீற்றர் தள்ளி வரம்பில் நிற்கும். ஒரு இரவு பத்தரை இருக்கும், படம் சதுரம் சதுரமாக உடைந்து நின்றது. காற்றாக்கும் என்று ரோச்சை எடுத்துக்கொண்டு போனேன்.

வெளிச்சத்தில் இரண்டு டிஷ் தெரிந்தது. ஒன்று அசைந்தது.

காது. யானை நெல்லுக்கு வந்து, முக்காலிக்குப் பக்கத்தில் சத்தமே இல்லாமல் நின்றது. நான் எப்படி லொறிக்குள் வந்தேன் என்று இன்று வரை தெரியாது. விடியப் பார்த்தால் டிஷ்ஷுக்கு ஒரு கீறல்கூட இல்லை, வயரை மட்டும் மிதித்திருந்தது. இப்போதும் இரவில் படம் உடைந்தால் நான் எழும்பமாட்டேன். பெடியன்களைத்தான் அனுப்புவேன், அவன்களும் போகமாட்டான்கள்.

அன்ரெனா வவுனியா

மாங்குளத்தான், உங்கள் அத்தான் ஒரு மணித்தியாலம் அலைந்ததற்குக் காரணம் சொல்கிறேன். எனக்கும் இப்படி ஒரு வெளிநாட்டு ஆளோடு ஓமந்தையில் சண்டை வந்தது, அது கிடக்கட்டும்.

ஜேர்மனியில் ஆஸ்ட்ரா 19.2 பாகைச் செய்மதி (செய்மதியோடு சொல்கிற பாகை அது நிற்கிற கிழக்கு நெடுங்கோடு) தரையில் இருந்து 30 பாகை சொச்ச உயரத்தில், கிட்டத்தட்டத் தெற்கே நிற்கும். டிஷ் சுவர் மாதிரி நிமிர்ந்து நிற்கும், எல்என்பியைக் கொஞ்சம் திருகினால் போதும். எங்களுக்கு அப்படியில்லை. நாங்கள் மத்திய கோட்டுக்குக் கிட்ட இருக்கிறோம், எங்கள் செய்மதிகள் தலைக்கு மேல். சன் டைரக்ட் வருகிற 93.5 பாகைச் செய்மதி மாங்குளத்தில் இருந்து தென்கிழக்கே 71 பாகை உயரம். டாட்டா பிளே வருகிற 83 பாகை இன்னும் மோசம், 79. உள்ளூர் டயலொக் 45 பாகையில், அது மேற்கே, 48 பாகை உயரம். மூன்றும் மூன்று பக்கம். ஆகவே "டிஷ்ஷை எந்தப் பக்கம் வைக்க வேணும்" என்று மொட்டையாகக் கேட்கிறவர்களுக்கு நான் பதில் சொல்வதில்லை, எந்தப் பெட்டி என்று முதலில் சொல்லுங்கள்.

அப்புறம் ஒரு மயக்கம். இந்த டிஷ்கள் நேர்முகமாகப் பார்ப்பவை அல்ல, எல்என்பி கீழே தள்ளி நிற்கிறதல்லவா. முகம் பார்க்கிற திசையை விட இருபது, இருபத்தைந்து பாகை மேலே இருந்துதான் சிக்னலை எடுக்கும். கண்ணால் செய்மதிக்கு நேரே பிடித்தால் அது செய்மதியைத் தாண்டி வேறெங்கோ பார்க்கும்.

இனி உங்கள் தம்பி செய்த வேலை. 93.5க்கு எல்என்பியை இங்கே ஏறத்தாழ 54 பாகை முறுக்க வேண்டும். 45க்கு 74. ஐரோப்பாவில் பழகின கை அவ்வளவு முறுக்காது, உடைந்துவிடும் என்று பயப்படும். உங்கள் தம்பி ஆத்திரத்தில் செய்தது சரியான கணக்கு.

கொம்பாஸ் பார்த்தீர்களா? பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் பிழை. இரும்பு இழுக்கும். ஐந்தாறு மீற்றர் தள்ளிப் போய்ப் பாருங்கள். போனில் உள்ள கொம்பாசும் அப்படித்தான். பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது வயரைக் கழற்றிப் பூட்டாதீர்கள். எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ற் அந்த வயராலேயேதான் போகிறது, வெளிவலையின் ஒரு மயிர்க்கம்பி நடுக்கம்பியில் தொட்டால் ஷோர்ட். பெட்டி மின்சாரத்தை நிறுத்திவிடும், நீங்கள் டிஷ்ஷைத் திருப்பிக்கொண்டு இருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் 60 சென்ரிமீற்றர் டிஷ் கைவிடும், 75 அல்லது 90 போடுங்கள். மார்ச் நடுவிலும் செப்டெம்பர் கடைசியிலும் சில நாள் சில நிமிடம் படம் போனால் பயப்பட வேண்டாம், சூரியன் செய்மதிக்கு நேர் பின்னால் வருகிற காலம்.

ஓமந்தைச் சண்டை என்னவென்றால் அந்த ஆள் எனக்குக் காசு தரவில்லை.

இருபது வருட டிரைவர்

அன்ரெனாத் தம்பி சொன்னது எல்லாம் சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. ரோசா பஸ் ஒரு அம்மா ஏறிச் சரியாது. நான் ரோசாவில் இருபது பேரை ஏற்றி ஓடினவன். அத்தான் கதை விடுகிறார்.

ரோசா என்றதும் ஞாபகம் வருகிறது. அது 24 வோல்ற் வண்டி. ரிவிப் பெட்டி 12 வோல்ற். ஒரு முறை யாழ்ப்பாணம் போகிற சுற்றுலா ஆட்களுக்காக ஒரு பெட்டியைப் பூட்டி, முறிகண்டியில் நிற்பாட்டி, எல்லாரும் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்கப் போன நேரம் நேரே பற்றரியில் கொடுத்தேன். நல்ல மணம் வந்தது. கச்சான் வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாம் மூச்சில்தான் விளங்கியது, மணம் என் மடியில் இருந்து வருகிறது. மேற்பெட்டி உருகித் தொடையில் ஒட்டியது. தழும்பு இருக்கிறது. பெட்டிக்காரர் பஸ்ஸில் ஏறி, "என்ன அண்ணை, கச்சான் கருகிப்போச்சோ" என்றார்.

24ஐ 12 ஆக்குகிற சாமான் கடையில் இருக்கிறது. வாங்குங்கள்.

கிளிநொச்சிப் பெடியன்

2023இலும் டிஷ்ஷா அண்ணை? போனை ரிவியில் கொழுவினால் முடிந்தது. நான் இரணைமடுக் கட்டில் இருந்து முழு ஆட்டமும் பார்த்தேன். 12/6ஐ நேரடியாகவே பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நெடுங்கேணி மெஷின்

தம்பி, இரணைமடு ஏ9 ரோட்டுக்குக் கிட்ட. நெடுங்கேணிக்குக் கிழக்கே வந்து அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக் காட்டுங்கள். மரத்தில் ஏறித்தான் நான் வீட்டுக்குக் கோல் எடுக்கிறேன்.

லண்டன் அக்கா

இங்கே எல்லாரும் ஆட்டத்துக்காக அலைந்திருக்கிறீர்கள், நான் மடுவில் அலைந்தேன். இங்கிலாந்தில் எங்கள் மோட்டர் ஹோமை விற்றபோது கூரையில் இருந்த வெள்ளைக் குமிழை மட்டும் இவர் கழற்றி வைத்துக்கொண்டார். உள்ளே மோட்டர் வைத்த டிஷ், சுவிட்சைப் போட்டால் தானே சுற்றிச் செய்மதியைத் தேடும். அதைக் கப்பலில் போட்டு, ஊரில் ஒரு ஹையேஸ் வானுக்குப் பூட்டினார். ஓகஸ்ட் 15 திருவிழாவுக்குப் போய் மரங்களின் கீழ் மூன்று நாள் தங்கினோம். கோயிலுக்குப் போய் ரிவி எதற்கு என்று கேட்காதீர்கள், நானும் கேட்டேன்.

அது தேடியது. கிர்ர்ர், டக். கிர்ர்ர், டக். அதற்குத் தெரிந்ததெல்லாம் ஐரோப்பியச் செய்மதிகள். அவற்றில் சில எங்கள் வானத்திலும் நிற்கின்றனவாம், ஆனால் கதிர் அங்கே பார்த்து வீசுகிறது, எங்களுக்கு வராது. அது விடுவதாயில்லை. பக்கத்து வாடியில் இருந்த ஒரு பெரியவர் வந்து குமிழைத் தட்டி, "பிள்ளை, உதுக்குள்ளை கோழி அடைகிடக்குதோ?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள்.

ஆனால் அன்று இரவு செபமாலை சொல்லுகிற நேரம் இவர் மறந்துபோய்த் திரும்பச் சுவிட்சைப் போட்டார். கிர்ர்ர். எங்களுக்குப் பக்கத்தில் முழங்காலில் நின்ற கிழவி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு நாலு மரம் தள்ளிப் போய் விரித்தா. காலையில் தேடினேன், மன்னிப்புக் கேட்க. காணவில்லை.

மாங்குளத்தான் தம்பி, உங்கள் அம்மா பக்கத்திலேயே இருக்கிறா. நான் அதைத்தான் சொல்ல வந்தேன்.

அன்ரெனா வவுனியா

மாங்குளத்தான், ஒன்று கேட்க மறந்துபோனேன். கூரையைத் துளைக்கவில்லை என்றீர்கள். அப்படியென்றால் வயர் எந்த வழியால் உள்ளே வந்தது?

மாங்குளத்தான்

கதவால். பின்னால் ஏணியில் இறக்கி, பக்கத்தால் கொண்டுவந்து, படிக்கு மேலால். ஏன்?

அன்ரெனா வவுனியா

படியைப் போய்ப் பாருங்கள்.

மாங்குளத்தான்

பார்த்தேன். அத்தான் ஜேர்மனிக்குப் போய்விட்டார், பஸ் எங்கள் வளவில் கொட்டிலுக்குள் நிற்கிறது. படியின் இரும்பு விளிம்பில் வயர் சப்பட்டையாகக் கிடக்கிறது, வெளித்தோல் வெடித்து உள்ளே வெள்ளி வலை தெரிகிறது. வீட்டில் இருந்து கரண்ட் இழுத்துப் பெட்டியைப் போட்டேன். படியில் நானே ஏறி நின்றேன். "எல்என்பி ஷோர்ட்" என்று வந்தது. நான் 58 கிலோ, அம்மாவை விடக் கூட இல்லை, குறையவும் இல்லை.

அத்தானுக்கு வட்ஸ்அப்பில் படம் அனுப்பினேன். "அப்ப வயரை மாத்த வேணும்" என்று பதில் போட்டார். வேறு ஒன்றும் இல்லை.

அம்மா குசினியில் தேங்காய் திருவிக்கொண்டிருந்தா. பஸ் சரியவில்லை, வயர்தான் நசுங்கியது என்று சொன்னேன். திருவலை நிற்பாட்டவில்லை. பாதித் தேங்காய் முடிந்த பிறகு கேட்டா:

"அப்ப அண்டைக்கு ஆர் ஏறியிருந்தாலும் படம் நிண்டிருக்கும்?"

"ஓம் அம்மா."

"அவர் பத்துத் தரம் ஏறி இறங்கினவரல்லோ. அவருக்கு ஏன் நிக்கேல்லை?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்ரெனா அண்ணை, நீங்கள் சொல்லுங்கள். அம்மா இன்னும் குசினியில்தான் நிற்கிறா.

அன்ரெனா வவுனியா

அத்தானுக்குக் கால் நீளமோ? படியை மிதிக்காமல் தாவி ஏறுகிறவரோ?

மாங்குளத்தான்

ஆறடி இரண்டு அங்குலம்.