ஆர்மி ரேலி (ராணுவ ஆள்சேர்ப்பு முகாம்): மார்க் எங்கே நழுவுகிறது? (அனுபவப் பகிர்வு)

நாலாம்சுற்று:
தம்பிகள் எல்லாரும் ஓட்டத்தையே கட்டிக்கொண்டு அழுகிறார்கள். மார்க்கைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1.6 கி.மீ. தூரத்தை 5:30-க்குள் முடித்தால் 60. 5:31 முதல் 5:45 வரை 48. நேரத்தை வைத்துக் குழு பிரிப்பார்கள், ஒரு குழு இறங்கினால் 12 போகும். பீமில், அதாவது கம்பியில் தொங்கி உடம்பை மேலே இழுக்கும் புல்-அப்பில், 10 எடுத்தால் 40, 9-க்கு 33, 8-க்கு 27, 7-க்கு 21, 6-க்கு 16. அதாவது பீமில் இரண்டு குறைந்தாலே 13 காலி. தினமும் ஓடிவிட்டு, வாரம் ஒருநாள் கம்பியில் தொங்கினால் போதுமா?

ஓட்டத்துக்கும் ஒரு கணக்கு. 400 மீட்டர் டிராக்கில் நாலு சுற்று, சுற்றுக்கு 82.5 விநாடி. விசில் அடித்ததும் கூட்டத்தோடு பாய்ந்து முதல் சுற்றை 70-ல் முடிப்பவருக்கு மூன்றாவதில் கால் கல்லாகிவிடும். 80, 83, 84, 80 என்று ஓடிப் பழகுங்கள், 5:27-ல் முடியும்.

வெள்ளைக்கோடு:
அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். வளைவில் இரண்டாவது லேனில் ஓடினால் சுற்றுக்கு ஏழரை மீட்டர் கூடும். நாலு சுற்றுக்கு 30 மீட்டர், அதாவது சுமார் 6 விநாடி. 5:25 ஓடும் கால் 5:31-ல் வந்து நிற்கும். முந்துவதானால் நேர்கோட்டில் முந்துங்கள், வளைவில் உள்கோட்டை ஒட்டியே ஓடுங்கள்.

கம்பிக்காரன்:
பீமில் எண்ணாமல் விடுவது பெரும்பாலும் இரண்டு காரணத்தால்: கீழே இறங்கும்போது முழங்கை முழுசாக நீளாதது, மேலே போகும்போது தாடை கம்பியைத் தாண்டாதது. காலை ஆட்டி உந்துவதும் சேராது. வீட்டில் 12 எடுப்பவருக்கு அங்கே 8 எண்ணப்படுவது இதனால்தான்.

ஆறோடு நின்றுபோகிறவர் தினமும் ஆறுக்கே முட்டி மோத வேண்டாம். மூன்று மூன்றாக எட்டு செட், இடையில் ஒன்றரை நிமிட ஓய்வு. கடைசியில் ஸ்டூலில் ஏறித் தாடையைக் கம்பிக்கு மேலே வைத்து, ஐந்து எண்ணி மெதுவாக இறங்குவது நாலு முறை. வாரம் இரண்டு நாள் ஓட்டம் முடிந்த கையோடு கம்பி ஏறுங்கள். ரேலியில் மூச்சு வாங்கிக்கொண்டுதானே தொங்கப் போகிறீர்கள். வயிற்றில் மூன்று கிலோ கூடுதல் என்றால் அதையும் சேர்த்துத்தான் தூக்க வேண்டும். அதைக் குறைக்க ஒரு மாதமாவது கொடுங்கள். கடைசி இரண்டு நாள் தண்ணீர் குடிக்காமல் எடை இறக்குவது பைத்தியக்காரத்தனம், ஓட்டத்தில் சுருண்டு விழுவீர்கள்.

டேப்_77:
மார்பளவில் கோட்டை விடுகிறவர்களுக்கு. 77 செ.மீ. இருந்தால் மட்டும் போதாது, 5 செ.மீ. விரிய வேண்டும். பயத்தில் முதல் அளவுக்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார்கள். டேப் 80 காட்டும். அப்புறம் 85 வரை விரிக்க எங்கே போவது? 77-க்குக் கீழே போகாது என்று தெரிந்தால், முதல் அளவில் மூச்சை வெளியே விட்டு, கையைத் தொங்கப்போட்டுச் சாதாரணமாக நில்லுங்கள். மூச்சை இழுக்கும்போது வயிறு உப்பக் கூடாது, விலா பக்கவாட்டில் விரிய வேண்டும். தோளைத் தூக்கினால் டேப் நழுவும், மறுபடி அளப்பார்கள்.

இன்னொன்று, நம்ம தமிழ்நாட்டில் ஜெனரல் டியூட்டிக்கு (பொதுப்பணிச் சிப்பாய் வேலைக்கு) உயரம் 166 செ.மீ. வேண்டும். சாயங்காலத்தில் முதுகெலும்பு அமுங்கி ஒரு செ.மீ. வரை குறையும். விளிம்பில் இருப்பவர்கள் காலையில் அளந்ததையும் மாலையில் அளந்ததையும் எழுதி வையுங்கள்.

நாலாம்சுற்று:
9 அடி பள்ளத்தைத் தாண்டுவதற்கும் ஜிக்ஜாக்குக்கும் (வளைந்து வளைந்து போகும் குறுகிய கட்டைமேல் விழாமல் நடப்பது) மார்க் கிடையாது, ஆனால் தவறினால் வெளியே. பள்ளத்தில் விழுகிறவர் தூரம் போதாமல் விழுவதில்லை. விளிம்பைப் பார்த்துக் கடைசி மூன்று அடியைத் தத்திவைத்து வேகத்தை இழந்து விழுகிறார். ஜிக்ஜாக்கில் பாதத்தைப் பார்க்காமல் நாலடி முன்னே பாருங்கள். காதில் அழுக்கு அடைத்திருந்தால் மெடிக்கலில் நிறுத்துவார்கள், இரண்டு வாரம் முன்பே டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துவிடுங்கள். குச்சி விட்டுக் குடையாதீர்கள்.