தூண் மறைவில் அடுத்த கிளிப் திறக்க வேண்டும்: மாஸ்க் தூணோடு ஒட்டாமல் நடுங்குகிறது

வளவு எடிட்ஸ்:
கல்யாண வீடியோ ஒன்று பிரீமியர் ப்ரோ எடிட்டிங் மென்பொருளில் ஓடிக்கொண்டிருக்கிறது. டைம்லைன் 1080, 25 எஃப்பிஎஸ் (விநாடிக்கு 25 ஃபிரேம்). காரைக்குடிப் பக்கம் ஒரு செட்டிநாட்டு வீட்டில் எடுத்தது. முதல் கிளிப்பில் மாப்பிள்ளை முகப்பில் நடந்து வருகிறார், கேமராவும் அவரோடு வலது பக்கமாக நகர்கிறது, வழியில் ஒரு தேக்குத் தூண் ஃபிரேமின் வலது ஓரத்தில் நுழைந்து இடது ஓரம் வழியாக வெளியே போகிறது. அந்தத் தூண் தாண்டும்போது அதன் பின்னாலிருந்து இரண்டாவது கிளிப் திறக்க வேண்டும், அதில் பெண் வளவில் (வீட்டின் நடு முற்றத்தில்) உட்கார்ந்திருக்கிறார். மாப்பிள்ளையின் தங்கை எங்கோ ரீல்ஸில் பார்த்துவிட்டு இதே மாதிரிதான் வேண்டும் என்று சொல்லிவிட்டார், விட மாட்டேன் என்கிறார்.

முதலில் இரண்டு கிளிப்பையும் ஒரே டிராக்கில் ஒட்டி கிராஸ் டிசால்வ் (ஒரு கிளிப் மங்க மங்க அடுத்தது தெளியும் டிரான்சிஷன்) போட்டுப் பார்த்தேன். மீடியா போதவில்லை, ஃபிரேம்கள் திரும்ப வரும் என்று எச்சரிக்கை வந்தது. அதை விட்டுவிட்டு முதல் கிளிப்பின் ஒப்பாசிட்டியில் பேனா மாஸ்க் (படத்தின் ஒரு பகுதியை மட்டும் மறைக்க வரையும் வடிவம்) போட்டால் தூணுக்கு வலது பக்கம் கறுப்பாகிறது. முதல் கிளிப்பை மேல் டிராக்கான வி2-க்கு ஏற்றி இரண்டாவதை அடியில் வி1-இல் வைத்ததும் கறுப்பு போய்விட்டது, ஆனால் இப்போது வேறு தொல்லை. தூண் வருவதற்கு வெகு முன்பே, கிளிப் தொடங்கும்போதே, வலது ஓரத்தில் ஒரு கீற்று மாதிரி இரண்டாவது கிளிப் தெரிகிறது. அப்புறம் மாஸ்க் ஓரம் தூணோடு ஒட்டவில்லை. ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி வைத்தும் பிளே பண்ணினால் நடுங்குகிறது, நடுவில் சில இடங்களில் தூணுக்கும் புதுக் கிளிப்புக்கும் இடையே பழைய சுவர் எட்டிப் பார்க்கிறது. ஆட்டோ டிராக்கிங் கொடுத்தால் மாஸ்க் எங்கோ மேலே போய்விடுகிறது. இரண்டு கிளிப்பிலும் வார்ப் ஸ்டெபிலைசர் (படத்தின் ஆட்டத்தைக் குறைக்கும் எஃபெக்ட்) இருக்கிறது. சனிக்கிழமை கொடுக்க வேண்டும், யாராவது வழி சொல்லுங்கள்.

பழைய ஹேண்டிகேம்:
டிசால்வ் எச்சரிக்கையை முதலில் முடித்துவிடலாம், அது பயப்படும் விஷயமே இல்லை. வெட்டுக்கு நடுவில் 25 ஃபிரேம் டிசால்வ் உட்கார வேண்டுமென்றால் முதல் கிளிப் முடிந்த இடத்துக்குப் பின்னாலும் இரண்டாவது தொடங்கும் இடத்துக்கு முன்னாலும் ஏறக்குறைய 12, 13 ஃபிரேம் உபரியாகக் கிடக்க வேண்டும். நீங்கள் ஷூட் பண்ணியதன் கடைசி ஃபிரேம் வரை இழுத்து வைத்திருந்தால் உபரிக்கு எங்கே போவது, அதனால் கடைசி ஃபிரேமையே உறைய வைத்து ஓட்டுகிறது. டைம்லைனில் அந்த டிரான்சிஷன் மேல் சாய்கோடுகள் விழுந்திருக்கும் பாருங்கள், அதுதான் அடையாளம். இரண்டு பக்கமும் அரை விநாடி டிரிம் பண்ணினால் போய்விடும். ஆனால் உங்களுக்கு வேண்டியது டிசால்வே இல்லை, மாஸ்க் முடிகிற இடத்தில் வி2 கிளிப்பை வெட்டிவிட்டால் போதும். சிலர் பாதுகாப்புக்கு என்று மாஸ்க் கடைசியில் ஒரு டிசால்வும் சேர்த்து வைப்பார்கள், அப்போது தூணே கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிய ஆரம்பித்துவிடும். வேண்டாம்.

ஓரத்துக் கீற்றுக்குக் காரணம் முதல் கீஃப்ரேம், அதாவது மாஸ்க் எந்த ஃபிரேமில் எங்கே நிற்க வேண்டும் என்று வைக்கும் குறி. மாஸ்க் பாத்தின் முதல் கீஃப்ரேம் எங்கே இருக்கிறதோ, அதற்கு முன்னால் உள்ள அத்தனை ஃபிரேமிலும் அதே வடிவம்தான் நிற்கும். நீங்கள் தூணின் பின் ஓரம் உள்ளே வந்தபிறகு வரைய ஆரம்பித்திருப்பீர்கள். தூண் ஃபிரேமுக்குள் நுழைவதற்குச் சற்று முன்னால் ரேசரால் ஒரு வெட்டு போடுங்கள், அந்த வெட்டுக்கு முந்தைய துண்டிலிருந்து மாஸ்க்கை அழித்துவிடுங்கள். பிந்தைய துண்டின் முதல் ஃபிரேமில் மாஸ்க் முழுவதும் ஃபிரேமுக்கு வெளியே, வலது பக்கம் காத்திருக்க வேண்டும். வெளியே எப்படி வைப்பது என்று கேட்பீர்கள்: ப்ரோகிராம் மானிட்டரின் ஜூமை 25 சதவீதத்துக்குக் குறைத்தால் படத்தைச் சுற்றி காலி இடம் கிடைக்கும், புள்ளிகளை அங்கே இழுத்துவிடலாம்.

நடுராத்திரி ரெண்டர்:
நடுக்கத்தைப் பற்றிச் சொல்வதற்கு முன் இரண்டு விவரம் வேண்டும். ஸ்டெபிலைசர் போட்டது மாஸ்க்குக்கு முன்பா பின்பா? முதல் கிளிப் எந்தக் கேமரா, எத்தனை எஃப்பிஎஸ்?

வளவு எடிட்ஸ்:
பெண் கிளிப் கேமராவில் எடுத்தது, 25. மாப்பிள்ளை கிளிப் செல்போன், கிம்பலில் (ஆட்டம் வராமல் பிடிக்கும் கருவி) வைத்து என் நண்பன் எடுத்தான், ப்ராபர்ட்டீஸில் 29 புள்ளி ஏதோ காட்டுகிறது, 4கே. ஸ்டெபிலைசர் முதலிலேயே போட்டேன், ஆனால் மாஸ்க் பாதி முடிந்தபிறகு ஸ்மூத்னஸை 50-இலிருந்து 20-க்குக் குறைத்தேன். 4கே என்பதால் சைஸ் பொருந்தவில்லை என்று ஒரு பட்டை வந்தது, நெஸ்ட் பண்ணி (கிளிப்பைத் தனி டைம்லைனுக்குள் அடைத்து) அதன்மேல் ஸ்டெபிலைசர் போட்டேன்.

நடுராத்திரி ரெண்டர்:
நினைத்தது சரிதான், இரண்டும் சேர்ந்து அடிக்கிறது. மாஸ்க்கை இனிமேல் தொடாதீர்கள், அடியில் இருக்கும் படம் ஒரு நிலைக்கு வராமல் மேலே என்ன வரைந்தாலும் நிற்காது.

பிரீமியர் ஒரு கிளிப்பை எந்த வரிசையில் கணக்குப் போடுகிறது என்றால், நாம் இழுத்துப் போட்ட எஃபெக்டுகள் முதலில், மோஷனும் ஒப்பாசிட்டியும் அதற்குப் பிறகு. ஒப்பாசிட்டி மாஸ்க் இருக்கும் அதே கிளிப்பில் ஸ்டெபிலைசரும் இருந்தால், ஸ்டெபிலைசர் படத்தை நகர்த்தி முடித்தபின் அதன்மேல் மாஸ்க் விழுகிறது. நீங்கள் ஸ்மூத்னஸை மாற்றிய நொடியில் அடியில் இருக்கும் படம் ஒவ்வொரு ஃபிரேமிலும் வேறு இடத்துக்குப் போய்விட்டது, மாஸ்க் மட்டும் பழைய இடத்தில் நிற்கிறது. சுவர் எட்டிப் பார்ப்பதில் பாதி அதனால்.

மீதி 30-க்கும் 25-க்கும் இடையே. 30 ஃபிரேம் கிளிப்பை 25 டைம்லைனில் போட்டால் ஆறுக்கு ஒரு ஃபிரேம் விழுந்துவிடும். நின்ற படத்தில் தெரியாது, கேமரா நகரும்போது விழுந்த இடத்தில் தூண் இரண்டு அடி சேர்த்து வைக்கும். மாஸ்க்கோ ஒரு கீஃப்ரேமிலிருந்து அடுத்த கீஃப்ரேமுக்குச் சீராகப் போகும். தூண் குதிக்கும் இடத்தில் எல்லாம் ஓரம் பிரியும், அதைத்தான் நடுக்கம் என்று சொல்கிறீர்கள். செல்போன் வேறு ஃபிரேம் வேகத்தைத் தானாக ஏற்றி இறக்கும், 29 புள்ளி ஏதோ என்று வருவது பெரும்பாலும் அதனால்தான்.

நான் செய்வது இது. போன் கிளிப்பை ஹேண்ட்பிரேக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருளில் போட்டு கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட் 30 என்று மாற்றுங்கள், அதே போக்கில் 1920க்கு 1080 ஆகவும் இறக்கிவிடுங்கள், சைஸ் பட்டை இனி வராது. புது ஃபைலை உள்ளே கொண்டுவந்து ப்ராஜெக்ட் பேனலில் வலது கிளிக், மாடிஃபை, இன்டர்ப்ரெட் ஃபுட்டேஜ், அங்கே 25 என்று கொடுங்கள். எந்த ஃபிரேமும் விழாது, ஒரு விநாடி 1.2 விநாடியாக நீளும், அவ்வளவுதான். மாப்பிள்ளை நடை கொஞ்சம் மெதுவாகும், கல்யாண வீடியோவில் அது லாபம்தான், ராஜநடையாக இருக்கும். மேலே பாட்டு ஓடுவதால் கிளிப்பின் சத்தம் இழுப்பது கவலையில்லை. இதையே டைம்லைனில் ஸ்பீடு 83 என்று கொடுத்துச் செய்யாதீர்கள், ஸ்பீடும் வார்ப் ஸ்டெபிலைசரும் ஒரே கிளிப்பில் சேராது என்று அடம்பிடிக்கும்.

அப்புறம் ஸ்டெபிலைசர். மெத்தடில் சப்ஸ்பேஸ் வார்ப் என்று இருக்கும், அது படத்தைத் துண்டு துண்டாக வளைக்கக்கூடியது, நேரான தூண் நெளியும். பொசிஷன், ஸ்கேல், ரொட்டேஷன் என்பதற்கு மாற்றுங்கள். இன்னொன்று, தூண் முக்கால் ஃபிரேமை மூடும்போது ஸ்டெபிலைசர் தூணையே பின்னணி என்று நினைத்து அதைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும், அங்கே படம் ஒரு இழுப்பு இழுக்கும். கிம்பலில் எடுத்தது என்கிறீர்களே, 5 முதல் 10 சதவீதம் ஸ்மூத்னஸ் போதாதா? என்னைக் கேட்டால் இந்தக் கிளிப்புக்கு ஸ்டெபிலைசரே தேவைப்படாது, எடுத்துவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் எண் முடிவானதும் நெஸ்ட் செய்து, நெஸ்டின் மேல் மாஸ்க் போடுங்கள்.

சதுரக்கட்டம்:
தூண் நேர்க்கோடுதானே, எதற்குப் பேனா மாஸ்க்? கிராப் எஃபெக்டைப் போட்டு ரைட் மதிப்பை 0-இலிருந்து 100 வரை கீஃப்ரேம் செய்தால் வேலை முடிந்தது. இரண்டு நிமிஷ வேலை.

நடுராத்திரி ரெண்டர்:
கேமரா துளிகூடச் சாயாமல் டிராலியில் ஓடியிருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். கையிலோ கிம்பலிலோ எடுத்ததில் தூண் ஒன்றிரண்டு டிகிரி சாய்ந்து நிமிரும், அடியில் ஒட்டி மேலே பிரியும். அகல லென்ஸ் என்றால் ஓரங்களில் கோடு லேசாக வளையவும் செய்யும்.

பழைய ஹேண்டிகேம்:
மாஸ்க் வரைவதைப் பற்றி யாரும் சொல்லவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். தூணுக்கு வலது பக்கம் இருக்கும் பகுதியைச் சுற்றி நான்கைந்து புள்ளிகளில் வரைந்து இன்வெர்ட்டட் டிக் பண்ணுங்கள், அந்தப் பகுதி மறையும். புள்ளி எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, நடுவில் புதுப் புள்ளி சேர்க்கவே சேர்க்காதீர்கள். ஒவ்வொரு ஃபிரேமாக முன்னால் போய் நகர்த்துவதுதான் கை நடுக்கத்தைப் படத்தில் ஏற்றும் வழி. முதல் ஃபிரேம், கடைசி ஃபிரேம் இரண்டிலும் வையுங்கள், பிறகு சரி நடுவில் போய்ச் சரி செய்யுங்கள், பிறகு அந்தப் பாதிகளின் நடுவில். ஏழெட்டுக் கீஃப்ரேமில் உட்கார்ந்துவிடும், எங்கே பிரிகிறதோ அங்கே மட்டும் ஒன்று கூடுதலாக.

கோட்டைத் தூணின் விளிம்பில் வைக்காதீர்கள், சில பிக்சல் தூணுக்கு உள்ளே வையுங்கள். ஃபெதர் (மாஸ்க் ஓரத்தை மங்கலாக்கும் அமைப்பு) கோட்டுக்கு இரண்டு பக்கமும் பரவும், விளிம்பிலேயே வைத்தால் வெளியே பரவிய பாதியில் பழைய சுவர் வந்து நிற்கும். செட்டிநாட்டுத் தேக்குத் தூண் பளபளவென்று இருக்கும், விளிம்பில் ஜன்னல் வெளிச்சம் கோடாக விழுந்து எது தூண் எது சுவர் என்றே தெரியாது. அந்த வெளிச்சக் கோட்டை விட்டுவிட்டு அதற்கு உள்ளே இருக்கும் இருண்ட பகுதியில் வெட்டுங்கள், தூண் கொஞ்சம் மெலிந்தால் யாரும் அளந்து பார்க்கப் போவதில்லை. ஆட்டோ டிராக்கிங் மேலே ஓடியதும் இதனால்தான், வழுவழுப்பான உருண்டைத் தூணில் அது பிடித்துக்கொள்ள ஒரு முனையும் இல்லை.

ஃபெதர் இயல்பாக 10 இருக்கும். கேமரா வேகமாகப் போகும் இடத்தில் தூண் ஓரமே மங்கலாக இருக்கும், அங்கே 25, 30 வரை ஏற்றலாம், வேகம் குறைந்தால் இறக்குங்கள். ஃபெதருக்கும் கீஃப்ரேம் உண்டு.

மதுரை கட்ஸ்:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், டாவின்சி ரிசால்வ் எடிட்டிங் மென்பொருளின் இலவசப் பதிப்பில் இதைச் செய்ய முடியுமா? அதில் எஃபெக்டுகளுக்கான ஃப்யூஷன் பக்கம் திறந்தாலே என் லேப்டாப் மூச்சு வாங்குகிறது.

சதுரக்கட்டம்:
ஃப்யூஷன் வேண்டாம், கலர் பக்கம் போதும். மேல் டிராக் கிளிப்பில் பவர் விண்டோ (ரிசால்வின் மாஸ்க்) வரைந்து, நோடு இருக்கும் இடத்தில் வலது கிளிக் செய்து ஆட் ஆல்ஃபா அவுட்புட் கொடுங்கள், நோடின் நீலப் புள்ளியை அந்தப் புது நீலப் புள்ளியோடு இணைத்தால் விண்டோவுக்கு வெளியே அடி டிராக் தெரியும். நகர்த்துவதற்கு டிராக்கரில் கிளிப் என்பதை ஃபிரேம் என்று மாற்றிக்கொண்டு கையால் இழுக்கலாம்.

வளவு எடிட்ஸ்:
ஸ்டெபிலைசரை எடுத்தே விட்டேன், கிம்பல் நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. போன் கிளிப்பை மாற்றி 25 ஆக்கி, புதிதாக மாஸ்க் போட்டேன், நடுக்கம் சுத்தமாகப் போய்விட்டது. சுவரும் எட்டிப் பார்க்கவில்லை. மிக்க நன்றி அண்ணே, இரண்டு பேருக்கும். இப்போது ஒன்றுதான் உறுத்துகிறது: தூண் தாண்டியதும் பெண் கிளிப் அசையாமல் நிற்கிறது, மேலே கேமரா ஓடுகிறது, அடியில் பிரேக் போட்ட மாதிரி இருக்கிறது. அந்தக் கிளிப் டிரைபாடில் எடுத்தது.

நடுராத்திரி ரெண்டர்:
டிரைபாடில் எடுத்ததற்கு நாம்தான் அசைவு கொடுக்க வேண்டும். பெண் கிளிப்பை ஸ்கேல் 112 ஆக்குங்கள், மோஷனில் பொசிஷனுக்கு இரண்டு கீஃப்ரேம், படம் வலதிலிருந்து இடதாக நகர வேண்டும், தூண் போகும் அதே திசை. 1920 அகலத்தில் 112 என்றால் பக்கத்துக்கு 115 பிக்சல் உபரி கிடைக்கும், அதற்குள் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் கறுப்பு ஓரம் வந்துவிடும். நகர்வு தூண் வெளியேறிய பிறகும் ஒரு விநாடி நீடிக்கட்டும், கடைசிக் கீஃப்ரேமில் ஈஸ் இன் கொடுத்தால் மெல்ல நிற்கும்.

பழைய ஹேண்டிகேம்:
சத்தத்தை அதே இடத்தில் வெட்டிவிடாதீர்கள் தம்பி. வளவில் நாதஸ்வரம் ரெக்கார்ட் ஆகியிருந்தால், பெண் தெரிவதற்குப் பத்துப் பன்னிரண்டு ஃபிரேம் முன்பே, தூண் உள்ளே நுழையும்போதே அதை மெல்ல ஏற்றிவிடுங்கள்.