பேலன்ஸ் பீம்: கீழே விழுந்த நேரமும் ஒன்றரை நிமிடக் கணக்கில் சேருமா?

கேள்வி: அண்ணாநகர் வாசகி

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. சென்னையில் ஜிம்னாஸ்டிக்ஸ் பயின்று வருகிறாள். அண்மையில் நகரில் நடந்த ஒரு போட்டியில் பேலன்ஸ் பீமிலிருந்து (உயரத்தில் நிறுத்திய குறுகலான கட்டை) ஒருமுறை கீழே விழுந்தாள். மீண்டும் ஏறி ரொட்டீனை (தொடக்கம் முதல் இறுதி வரையான ஆட்டத் தொடர்) முடித்தாள். அவள் முடிக்கும் தறுவாயில் ஒரு மணி அடித்தது. இரண்டாவது மணியும் அடித்த பிறகுதான் டிஸ்மவுண்ட் செய்து இறங்கினாள். மதிப்பெண் தாளில் 2.5, 6.8, 0.1 என்று மூன்று எண்களும், மொத்தம் 9.2 என்றும் இருந்தன. சர்வதேச ஜிம்னாஸ்டிக்ஸ் கூட்டமைப்பின் விதிகளையே பின்பற்றுவதாகப் போட்டியின் சுற்றறிக்கையில் குறிப்பிட்டிருந்தார்கள்.

கீழே நின்ற நேரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டதால்தான் அவளுக்கு நேரம் கடந்துவிட்டதா? அன்று முதல் வீட்டுக் கூடத்தில் தரையில் கோடு போட்டு, கைப்பேசியில் நேரம் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நாளும் முன்னிலும் வேகமாகச் செய்து பார்க்கிறாள். அவளை அப்படியே விடலாமா, தடுக்க வேண்டுமா என்பது எனக்குத் தெரியவில்லை. விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற நடுவர்

வணக்கம் அம்மா. கீழே நின்ற நேரம் ரொட்டீனின் நேரத்தில் சேராது. பீமில் ஒரு ரொட்டீனுக்கான உச்ச வரம்பு 90 விநாடிகள். வீராங்கனை தரை மெத்தையிலிருந்தோ ஸ்பிரிங்போர்டிலிருந்தோ (எம்பி ஏற உதவும் பலகை) கால் எடுத்த கணத்தில் கடிகாரம் ஓடத் தொடங்கும். டிஸ்மவுண்ட் முடிந்து மெத்தையைத் தொட்டதும் நிற்கும். 80 விநாடியில் எச்சரிக்கையாக ஒரு மணியும், 90 விநாடியில் மற்றொரு மணியும் அடிப்பார்கள். இரண்டாவது மணி ஒலிக்கும்போதே தரையைத் தொட்டுவிட்டால் கழிவு கிடையாது. அதற்குப் பிறகு தொட்டால் 0.10 கழியும். உங்கள் தாளில் இருக்கும் 0.1 அதுதான். நேரம் கடந்த பின்பு செய்த ஸ்கில்களை (ரொட்டீனில் உள்ள தனித்தனி அசைவுகள்) கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சரியல்ல, அவற்றையும் நடுவர்கள் ஏற்று மதிப்பிடுவார்கள்.

விழுந்ததும் ரொட்டீனின் கடிகாரத்தை நிறுத்திவிட்டு, அதற்கென்று தனியாக வேறொரு கணக்கைத் தொடங்குவார்கள். அது விழுந்த கணத்தில் தொடங்குவதில்லை. குழந்தை எழுந்து தன் இரு கால்களில் நின்ற பிறகே தொடங்கும். மீண்டும் ஏற 10 விநாடிகள் உண்டு. அந்த நேரத்தில் கையில் சாக் (வழுக்காமலிருக்கப் பூசும் வெள்ளைப் பொடி) பூசிக்கொள்ளலாம், பயிற்சியாளரிடம் ஒரு வார்த்தை பேசலாம், மூச்சைச் சீராக்கிக்கொள்ளலாம். 10 விநாடியைத் தாண்டினால் 0.30 கழியும், 60 விநாடிக்குள் ஏறாவிட்டால் ரொட்டீன் அத்துடன் முடிந்ததாகக் கொள்ளப்படும். ஏறிய பின் ரொட்டீனைத் தொடர்வதற்கான முதல் அசைவைச் செய்யும்போதுதான் 90 விநாடிக் கடிகாரம் மறுபடி ஓடும்.

மற்ற இரண்டு எண்களையும் சொல்லிவிடுகிறேன். 2.5 என்பது டி மதிப்பெண், அதாவது ரொட்டீனின் கடினத்துக்கானது. செய்த ஸ்கில்களில் கடினமான எட்டின் மதிப்பு (ஏ வகைக்கு 0.1, பி வகைக்கு 0.2 என்று ஏறிக்கொண்டே போகும்), ரொட்டீனில் கட்டாயம் இடம்பெற வேண்டிய நான்கு அம்சங்களுக்குத் தலா 0.5, தொடர்ச்சியாக இணைத்துச் செய்தவற்றுக்கான கூடுதல் மதிப்பு ஆகியவை இதில் அடங்கும். உதாரணமாக, ஆறு ஏ, இரண்டு பி ஸ்கில்களும், நான்கில் மூன்று அம்சங்களும் இருந்தால் 2.5 வரும். 6.8 என்பது இ மதிப்பெண், அதாவது செய்த நேர்த்திக்கானது. இது 10-இல் தொடங்கிக் குறைந்துகொண்டே வரும். உங்கள் மகளுக்குக் கழிந்திருப்பது 3.2. அதில் விழுந்ததற்கு மட்டுமே 1.00 போயிருக்கும். தயவுசெய்து இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள்: தாமதத்துக்கு 0.10, விழுந்ததற்கு அதைப்போல் பத்து மடங்கு. மணியைக் கேட்டுப் பதறி டிஸ்மவுண்டை அவசரமாகச் செய்யும் குழந்தை, 0.10-ஐக் காப்பாற்றுவதற்காக 1.00-ஐப் பணயம் வைக்கிறாள். பல போட்டிகளில் இதைக் கண்ணெதிரே பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பதில் 2: பயிற்சியாளர், தாம்பரம்

நடுவர் ஐயா கூறியதை முழுமையாக ஏற்கிறேன். ஒரு பயிற்சியாளராக, மீதமுள்ள 2.2 எங்கே போயிருக்கும் என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

10 சென்டிமீட்டர் அகலக் கட்டையின் மேல் உடல் சற்றே ஆடினால் 0.10, ஆட்டத்தின் அளவுக்கு ஏற்ப அது 0.30 அல்லது 0.50 ஆகும். விழாமலிருக்கக் கையால் பீமைப் பற்றிக்கொண்டால் 0.50. இவை பெற்றோரின் கண்ணுக்கும் தெரியும். தெரியாமல் போவது நிறுத்தங்கள்தான். ஒரு ஸ்கில்லுக்கு முன் மனத்தை ஒருமுகப்படுத்துவதற்காக 2 விநாடிக்கு மேல் நின்றால், ஒவ்வொரு முறையும் 0.10 கழியும். அப்படி நான்கு இடங்களில் நின்றால் 0.40 போவது மட்டுமல்ல, கடிகாரத்தில் பத்து விநாடி அளவுக்குக் கரைந்துவிடும். இணைப்பாகச் செய்ய வேண்டிய இரண்டு ஸ்கில்களுக்கு நடுவே நின்றுவிட்டால், அந்த இணைப்பு முறிந்து டி மதிப்பெண்ணும் குறையும்.

ஆகவே உங்கள் மகளுக்கு நேரம் கடந்ததற்குக் காரணம் அவள் மெதுவாகச் செய்தது அல்ல, இடையிடையே நின்றது என்றே நான் ஊகிக்கிறேன். ஸ்கில்களை வேகமாகச் செய்யப் பழகினால் தடுமாற்றம் கூடும். நிறுத்தங்கள் அப்படியே இருக்கும். பொதுவாகச் சிறு குழந்தைகள் கார்ட்வீலுக்கு (கைகளை ஊன்றிப் பக்கவாட்டில் சுழல்வது) முன்பும் டிஸ்மவுண்டுக்கு முன்பும்தான் அதிகமாக நிற்பார்கள். காணொளி இருந்தால் எந்தெந்த இடத்தில் நிற்கிறாள் என்று குறித்து அவளுடைய பயிற்சியாளரிடம் கொடுங்கள். மே மாதத்தில் நம் ஊர் உள்ளரங்குகளில் உள்ளங்கை வியர்த்து வழுக்கும். அப்போது நிறுத்தங்கள் இன்னும் கூடுவதைப் பார்க்கிறேன்.

அண்ணாநகர் வாசகி

இருவருக்கும் மிகுந்த நன்றி. காணொளியைப் பார்த்தேன். கார்ட்வீலுக்கு முன்பும் டிஸ்மவுண்டுக்கு முன்பும் நெடுநேரம் நிற்கிறாள். விழுந்த பின்போ, உடனே பாய்ந்து ஏறிவிட்டாள். இன்னொரு ஐயம். இணையத்தில் பார்க்கும் அமெரிக்கக் காணொளிகளில் இதே வயதுக் குழந்தைகள் 9.4, 9.6 என்று வாங்குகிறார்கள். விழுந்தால் அரைப் புள்ளிதான் குறைகிறது. அது எப்படி?

பதில் 3: முன்னாள் வீராங்கனை, அடையாறு

அவை வேறு விதிகளின்படி நடப்பவை, அக்கா. அமெரிக்காவில் சிறுவர் சிறுமியருக்கு லெவல் முறை இருக்கிறது. அங்கே அந்தந்த லெவலுக்கு உரியதைச் செய்துவிட்டால் மதிப்பெண் 10-இல் தொடங்கும், விழுந்தால் 0.50 கழியும், நேர வரம்பும் லெவலுக்கு ஏற்ப மாறும். சர்வதேச விதிகளில் 10-ஐ உச்சமாகக் கொண்ட பழைய முறை 2006-இல் மாறி, டி, இ என்று பிரிந்தது. ஆகவே அந்த 9.4-ஐயும் உங்கள் மகளின் 9.2-ஐயும் ஒப்பிடவே முடியாது.

விழுந்ததும் பாய்ந்து ஏறினாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத்தான் முதலில் மாற்ற வேண்டும் என்பேன். அந்த 10 விநாடி அவளுக்கு விதியே தந்திருக்கும் உரிமை. அது முழுவதையும் பயன்படுத்தினாலும் ஒரு புள்ளிகூடக் குறையாது. பதற்றத்தோடு ஏறுபவர் அடுத்த ஸ்கில்லிலேயே மீண்டும் தடுமாறுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கின் பீம் இறுதிச் சுற்றில் அமெரிக்காவின் சிமோன் பைல்ஸ், சுனி லீ உள்ளிட்ட பலர் விழுந்தார்கள். விழாமல் முடித்த இத்தாலியின் அலிசே டி'அமாதோ 14.366 பெற்றுத் தங்கம் வென்றார். உலகின் தலைசிறந்தவர்களே விழும் கருவி இது என்று அவளிடம் சொல்லுங்கள்.

வீட்டில் கடிகாரத்தை எடுத்து வைத்துவிட வேண்டியதில்லை. கோட்டிலிருந்து வேண்டுமென்றே இறங்கச் சொல்லி, நீங்கள் பத்து வரை நிதானமாக எண்ணுங்கள். ஏழாவது எண்ணில், மீண்டும் ஏறத் தயாராக அவள் கை கோட்டின் மேல் இருந்தால் போதும்.