உபரி ஏலப் பட்டியல்களில் ராணுவ மோட்டார் சைக்கிள்களின் பூர்வீகம்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தூதுவன் எழுதியது:

ராணுவம் கழித்துவிட்ட வண்டியை விற்பவர், சாவியைத் தருவதற்கு முன்பே ஒரு போர்க்கதையைத் தந்துவிடுவார். என்னிடம் வந்த பி.எஸ்.ஏ. எம்20 என்ற பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள், இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஓடியது என்ற புகழோடு வந்தது. பெட்ரோல் டேங்கில் இருந்த மணல் நிறம் ஒன்றே அதற்குச் சாட்சி. போர்க்காலத்தில் ஏறத்தாழ 1,26,000 வண்டிகள் செய்யப்பட்ட மாடல் இது. விற்பவர்கள் சொல்வதையெல்லாம் நம்பினால், அந்தப் பாலைவனத்தில் மணலுக்கே இடம் இருந்திருக்காது.

ஆகவே கதையை ஒதுக்கிவிட்டு எண்களைப் பிடித்துக்கொண்டேன். பிரிட்டிஷ் ராணுவம் போர்க்காலத்தில் மோட்டார் சைக்கிள்களுக்கு 'சி' என்ற எழுத்தில் தொடங்கும் எண்ணை டேங்கில் எழுதி வைத்தது. 1949-இல் அந்த முறையை விட்டுவிட்டு, இரண்டு இலக்கம், இரண்டு எழுத்து, மீண்டும் இரண்டு இலக்கம் என்ற புதிய பதிவெண்ணுக்கு மாறியது. போருக்குப் பின்னும் பணியில் நீடித்த வண்டிக்கு இதனால் இரண்டு அடையாளங்கள் உண்டு; ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் தடம் பாதியிலேயே அறுந்துவிடும். ஏலப் பட்டியல் இங்கேதான் கைகொடுக்கிறது. நாட்டிங்ஹாம்ஷரின் ரட்டிங்டன் கிடங்கில் போருக்குப் பிந்தைய பல ஆண்டுகள் உபரி வாகன ஏலங்கள் நடந்தன. அத்தகைய ஏலம் ஒன்றின் பட்டியலிலிருந்து ஒற்றைத் தாளை, முன்பு வண்டியை வைத்திருந்தவர் பத்திரப்படுத்தியிருந்தார். அதில் லாட் எண் (ஏலத்தில் அந்த வண்டிக்கான வரிசை எண்), ராணுவப் பதிவெண், சேசிஸ் எண், என்ஜின் எண் எல்லாம் ஒரே வரியில் இருந்தன. சேசிஸ் எண் என் வண்டியோடு ஒத்துப்போயிற்று. என்ஜின் எண் ஒத்துப்போகவில்லை. எனவே என்ஜின் மாறியது ராணுவத்தின் கையில் அல்ல, ஏலத்துக்குப் பிறகுதான்.

பி.எஸ்.ஏ. தொழிற்சாலையின் பழைய பதிவேடுகள் பிரிட்டனின் விண்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் இருக்கின்றன. சேசிஸ் எண்ணை அனுப்பிக் கேட்டதில், வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்டதே 1944-இல் என்று பதில் வந்தது. வட ஆப்பிரிக்கச் சண்டையோ 1943 மே மாதமே முடிந்துவிட்டது. பிறகு டேங்கின் அடி விளிம்பில் உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்த்துப் பார்த்தேன். மணல் நிறத்துக்கு அடியில் பளபளக்கும் கருப்பு வந்தது. ராணுவப் பச்சை அதற்கும் கீழேதான் இருந்தது. அதாவது, வண்டி பொதுமக்கள் கைக்கு வந்து கருப்பு பூசப்பட்ட பிறகே யாரோ அதைப் பாலைவனத்துக்கு அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

சேணம் எழுதியது:

அமெரிக்க ராணுவத்துக்காகச் செய்யப்பட்ட ஹார்லி டபிள்யூ.எல்.ஏ. வைத்திருப்பவர்களுக்கு இந்த வழி இத்தனை எளிதல்ல. அக்கால ஹார்லியின் சேசிஸில் பதிவுக்கான எண்ணே கிடையாது. ஏலத் தாளில் வருவது என்ஜின் எண் மட்டுமே. அந்த எண்ணும் '42டபிள்யூ.எல்.ஏ.' என்று தொடங்குவதைப் பார்த்து 1942-ஆம் ஆண்டு வண்டி என்று முடிவுகட்டிவிடக் கூடாது, ஏனெனில் 1942 முதல் போர் முடியும் வரை அதே முன்னொட்டைத்தான் அடித்தார்கள். டேங்கின் மேல் உள்ள தகட்டில் ஒப்படைத்த தேதி இருக்கும் என்பார்கள். எனக்குக் கிடைத்த தகட்டின் ரிவெட்டுகள் வண்டியில் உள்ள எல்லாவற்றையும்விடப் புதியவையாக இருந்ததால், அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

கிக்கர் எழுதியது:

தூதுவன் ஐயா ஏலத் தாளின் மீது வைத்திருக்கும் நம்பிக்கையில் எனக்குச் சிறு தயக்கம் உண்டு. மழையிலும் சேற்றிலும் வரிசையாக நின்ற வண்டிகளின் எண்களைக் குனிந்து பார்த்து எழுதிய குமாஸ்தாவுக்கு 3-உம் 8-உம் ஒன்றாகத் தெரிந்திருக்கலாம். தாளில் உள்ள என்ஜின் எண் அடுத்த லாட்டின் எண்ணாகவும் இருக்கலாம். முன்பின் உள்ள வரிகளையும் பார்த்த பிறகே என்ஜின் எப்போது மாறியது என்று சொல்ல வேண்டும். இன்னொன்று: பி.எஸ்.ஏ. எம்20-இல் சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் தொழிற்சாலையிலேயே வேறுவேறாகத்தான் இருந்தன. இன்னொரு பிரிட்டிஷ் ராணுவ வண்டியான நார்ட்டன் 16ஹெச்சில்தான் இரண்டும் ஒன்று. நார்ட்டனின் அளவுகோலை வைத்து எம்20-ஐ 'கலப்படம்' என்று தள்ளிவிட்டுப் போனவர்களைக் கண்டிருக்கிறேன்.

என்னுடையது ஹார்லி எம்.டி.350, 1990-களின் வண்டி. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் கழித்த வாகனத்தோடு கொடுக்கும் 654-ஆம் எண் படிவம் கைவசம் இருந்ததால் தேட வேண்டிய வேலையே இல்லாமல் போயிற்று. படிவம் இல்லாத வண்டியை வாங்குபவர்கள், எண்ணின் மீது மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்த படியையும் பதிவேட்டுக் காப்பாளருக்கு அனுப்புவது நல்லது. வெறும் எண்ணைவிட, எழுத்தின் அச்சுவடிவம் தொழிற்சாலையில் அடித்ததா பின்னால் அடித்ததா என்பதை அவர்களுக்குக் காட்டிக்கொடுக்கும்.

தூதுவன் எழுதியது:

கிக்கர் சொல்வது நியாயமே. என்னிடம் இருப்பது ஒற்றைத் தாள்தான். அதே ஏலத்தில் எம்20 எடுத்தவர்கள் எவரேனும் இருந்தால், என் லாட்டுக்கு முன்னும் பின்னும் உள்ள வரிகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம்.